இடித்தால் நசுங்கும், உப்பாது

பொழிச்சலூர் வீட்டில் ஜெரூஷாவின் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக நின்றுபோனபோது, அவள் ஒரு பித்தப்பை அறுவை சிகிச்சையின் நடுவில் இருந்தாள். கத்தி பிடித்தவர் வேறு யாரோ ஒரு மருத்துவர். அவர் பேசிப் பதிவு செய்து அனுப்பிய குறிப்பைக் கேட்டு, எழுத்தாக்கி, மாலைக்குள் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஆறு வருடமாக வீட்டிலிருந்தே செய்து வருகிறாள்.

ஜெரூஷாவுக்கு ஏழு வயதிலிருந்து பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. பெட்டிக்குள் மின்விசிறி ஓய்ந்தது. பிறகு தானாகவே சுற்றத் தொடங்கி, மூச்சு வாங்கினாற்போல் மறுபடி நின்றது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். லேசாக மீன் கவிச்சி அடித்தது.

அலுவலகத்தில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்தாகிவிட்டது. இன்னொரு முறை வேலை பாதியில் நின்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று மேற்பார்வையாளர் பணிவாகச் சொல்லியிருந்தார்.

தம்பி மெர்வின் அன்று விடுமுறையில் இருந்தான். விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை. அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும்தான் அந்த வீட்டில். முந்தைய இரண்டு முறையும் கம்ப்யூட்டரை மேற்குத் தாம்பரத்தில் வாங்கிய கடைக்கே அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் சக்திவேல் இரண்டு முறையும் தூசி தட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பினார். இந்த முறை மெர்வின் கடைக்குப் போன் செய்தான். காற்றுக்காக ஜன்னல் பக்கம் நின்று பேசினான். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டான்.

"சார், போன தபாவே பாத்தேன். போர்டுல டேமேஜ் கீது" என்றார் சக்திவேல். "உங்க அக்காவுக்குக் கண்ணு தெரியாதுல்ல? கால்லயோ கட்டைலயோ எங்கியாவது இடிச்சிருப்பாங்க. பிசிகல் டேமேஜுக்கு வாரண்டி வராது சார். புதுசுதான் வாங்கணும்."

"சரிங்க. நான் அக்காகிட்ட சொல்றேன்."

அவன் போனை வைத்ததும் ஜெரூஷா கேட்டாள். "எதுக்கு நீ சரிங்கன்னு சொன்ன?"

"மேஜையை நகர்த்தியே ரெண்டு வருஷம் ஆகுது. நான் எப்ப இடிச்சேன்?"

"அக்கா, அவர் ஏதோ சொல்றாரு. விடு. புதுசு ஒண்ணு வாங்கிடலாம். டென்ஷன் ஆகாத."

"இடிச்சேனா, இல்லையா? உனக்கு என்ன தோணுது?"

"தெரியாம பட்டிருக்கலாம் இல்ல?" என்றான் மெர்வின் மெதுவாக.

ஜெரூஷா எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் எது உடைந்தாலும் முதல் பார்வை தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். பார்வை திரும்புவது காதில் கேட்கும். பேச்சு ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அந்த ஒரு நொடியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் இடிக்காததை இடித்தேன் என்று இதுவரை அவள் ஒத்துக்கொண்டதில்லை.

கல்லூரித் தோழி தமிழினிக்குப் போன் செய்தாள். தமிழினி திருச்சியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் இடம் வைத்திருப்பவள். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மீன் நாத்தம் அடிச்சுதா?"

"அடிச்சுது."

"ஸ்க்ரூடிரைவர் எடு. நீயே திற. பிளக்கைப் புடுங்கிட்டு, ஆன் பட்டனை ஒரு பத்து செகண்டு அழுத்திப் புடி. உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் போயிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காத, அது ஆபத்து."

ஜெரூஷா தரையில் உட்கார்ந்து பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல பெரிய ஃபேன் இருக்கா? அதுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன உருளை வரிசையா நிக்கும். அதுதான் கெப்பாசிட்டர். கரண்டைச் சேத்து வச்சு ஒரே சீரா விடுறது அதோட வேலை. ஒவ்வொண்ணோட தலையையும் தடவு."

விரல் நுனியால் தடவினாள். முதல் இரண்டும் தட்டையாக இருந்தன. தலையில் கூட்டல் குறி போல வெட்டுக் கோடு. மூன்றாவது தட்டையாக இல்லை. குழந்தையின் முழங்கால் போல மேலே உருண்டிருந்தது. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதின் வெட்டுக் கோடு பிளந்து, ஓரத்தில் ஏதோ பிசுபிசுத்துக் காய்ந்திருந்தது. அடுத்த இரண்டும் உப்பித்தான் இருந்தன.

"தமிழ், உப்பியிருக்கு. மொத்தம் அஞ்சு."

"அவ்ளோதான். மட்டமான கெப்பாசிட்டர். உள்ள திரவம் இருக்கும். சூட்டுல அது கொதிச்சு, காத்தாகி, மூடியைத் தள்ளிடுச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு வருஷம் தாங்கினதே பெரிசு."

"நான் இடிச்சா இப்படி ஆகுமா?"

தமிழினி சிரித்தாள். "இடிச்சா நசுங்கும்டி. எப்படி உப்பும்?"

அந்த உருளைகள் இருந்த போர்டை ஜெரூஷா அன்றே கழற்றினாள். ஒன்பது திருகுகள். எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டாள். நல்ல போர்டு எப்படி இருக்கும் என்றும் தமிழினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நல்லதில் இருப்பதற்கு சாலிட் கெப்பாசிட்டர் என்று பெயர். உள்ளே திரவம் கிடையாது. குள்ளமாக இருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை இருக்காது, வெறும் உலோகம். தொட்டால் சில்லென்று இருக்கும்.

"சில போர்டுல நடுவுல மட்டும் நல்லதைப் போட்டுட்டு ஓரத்துல மட்டத்தைப் போட்டிருப்பான். ஓரம் வரைக்கும் பாரு" என்றாள் தமிழினி. "கை வச்சுப் பாக்காம வாங்காத."

சனிக்கிழமை காலை ஜெரூஷாவும் மெர்வினும் தாம்பரம் போனார்கள். போர்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். வழியெல்லாம் மெர்வின், "சண்டை வேண்டாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கடையில் கூட்டமில்லை. யாரோ ஒரு பெண்மணி மட்டும் பிரிண்டர் மை வாங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார் சக்திவேல். "மேடம் அப்டி ஸ்டூல்ல உக்காரட்டும். எந்த ரேஞ்சுல சார் பாக்கறீங்க?"

"கம்ப்யூட்டர் என்னுது. என்கிட்ட பேசுங்க" என்றாள் ஜெரூஷா. நின்றுகொண்டே துண்டைப் பிரித்துப் போர்டை மேசைமேல் வைத்தாள். "பதினோரு மாசம் முன்னாடி உங்ககிட்ட வாங்கினது. மூணு வருஷம் வாரண்டி. நான் இடிச்சதால போச்சுன்னு சொன்னீங்க. எங்க இடிச்சிருக்குன்னு காட்டுங்க."

"இல்லம்மா, சார்கிட்டயே சொன்னேன்..."

"இந்த அஞ்சு கெப்பாசிட்டரும் உப்பியிருக்கு. இடிச்சா உள்ள நசுங்கும். இது உள்ளேருந்து வெளிய தள்ளியிருக்கு. என் காலு போர்டுக்குள்ள இருந்துக்கிட்டா இடிச்சுது?"

மை வாங்க வந்த பெண்மணி சட்டென்று சிரித்துவிட்டார்.

"மேடம், கரண்ட் ஏறி எறங்குனா கூட இப்டி ஆவும்" என்றார் சக்திவேல்.

"அப்ப நான் இடிக்கலை. ஒத்துக்கிட்டீங்க."

"நான் எங்க ஒத்துக்கினேன்?"

"சரி, ஒண்ணு பண்ணுங்க. கடை லெட்டர்பேடுல எழுதுங்க. 'வாடிக்கையாளர் பார்வையற்றவர், அவர் இடித்ததால் போர்டு பழுதானது, ஆகவே வாரண்டி கிடையாது.' தேதி போட்டுக் கையெழுத்து போடுங்க. நான் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய இடத்துல காட்டிக்கிறேன். புகார் எழுத எனக்கு யாரும் வேண்டாம். எழுதுறதுதான் என் தொழில்."

சக்திவேல் எழுதவில்லை. பேனாவை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பெண்மணி பக்கத்தில் வந்து போர்டை எடுத்துப் பார்த்தார். முடிச்சூர் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பெயர் கங்கையம்மாள் என்பது பேச்சில் தெரியவந்தது.

"இன்னாடா சக்தி இது, பொங்குன பூரி மாதிரி கீது? என் கடைலயும் ரெண்டு சிஸ்டம் இப்டித்தான் அணைஞ்சி அணைஞ்சி எரிஞ்சிகினு கீது. கேட்டா கரண்டுன்ற, தூசின்ற. எனக்குக் கண்ணு நல்லா தெரியுது. அத யார்ரா இடிச்சா?"

"யக்கா, நீ வேற பேஜார் பண்ணாத."

"நான் பேஜார் பண்றனா? திங்கக்கெழம ரெண்டையும் தூக்கினு வரேன், இதே மாதிரி பிரிச்சிக் காட்டு."

சக்திவேல் பெருமூச்சு விட்டார். உள்ளே போனார். ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார்.

"சரி, விடுங்க. வாரண்டிலயே மாத்திக் குடுக்கறேன். புது போர்டு. ஃபுல் சாலிட் கெப்பாசிட்டர், பொட்டி மேலயே போட்டுக்கீது. சார், பாத்துக்கங்க."

"நான் தொட்டுப் பாக்கணும்" என்றாள் ஜெரூஷா.

"தொடக் கூடாதும்மா. கைல ஸ்டேடிக் கரண்ட் இருக்கும். போர்டு பூடும். கஸ்டமர் யாரையும் தொட வுடறதில்ல."

"அக்கா, நான் பாக்குறேன்" என்று மெர்வின் முன்னால் வந்தான். பெட்டி திறக்கும் சத்தமும் பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தமும் கேட்டன. "எல்லாம் வெள்ளியா, தட்டையா இருக்கு. எல்லாமே ஒரே மாதிரிதான். ஓகேக்கா, எடுத்துக்கலாம்."

வேகமாகச் சொன்னான். ஒரு போர்டை ஓரம் வரைக்கும் பார்ப்பதற்கு அந்த நேரம் போதாது.

ஜெரூஷா சக்திவேல் பக்கம் திரும்பினாள். "மத்த கஸ்டமர் தொட மாட்டாங்க, சரி. பாக்க விடுறீங்க இல்ல? நான் பாக்குறது கையாலதான். பிளக்குல செருகியிருக்கிற கம்ப்யூட்டர் கேபினெட் ஒண்ணைக் காட்டுங்க. அதோட இரும்பைத் தொட்டுட்டு வர்றேன், ஸ்டேடிக் போயிடும். போர்டு ஓரத்தைப் புடிச்சுப்பேன், கெப்பாசிட்டர் தலையை மட்டும் தொடுவேன். நீங்க இப்ப கிளவுஸ் போட்டுட்டா எடுத்தீங்க?"

"வெறுங்கைதாம்மா" என்றார் கங்கையம்மாள். "அதுவும் பஜ்ஜி துன்ன கை."

சக்திவேல் அதற்கு மேல் மறுக்கவில்லை. ஜெரூஷா கேபினெட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். போர்டின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை நடுவிலிருந்து தொடங்கினாள். குள்ளமான, சில்லிட்ட உலோகத் தலைகள். வெட்டுக் கோடு இல்லை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்று, பன்னிரண்டு. கீழ் ஓரத்துக்கு வந்தபோது விரல் நின்றது. உயரமான இரண்டு. பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறையின் வழவழப்பு. தலையில் கூட்டல் குறி.

அவள் விரலை எடுக்கவில்லை.

"மெர்வின், இங்க வா. இது என்ன நிறம்?"

அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். "கறுப்பு" என்றான்.

"எல்லாம் வெள்ளின்னு சொன்னியே?"

"அக்கா..."

"பாத்தியா, இல்ல பாத்தேன்னு சொன்னியா?"

வெளியே பேருந்து ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனது.

"சீக்கிரம் முடிச்சிட்டுப் போலாம்னு..." மெர்வினின் குரல் இறங்கிப்போயிருந்தது. "எல்லாரும் பாக்குறாங்க அக்கா."

ஜெரூஷாவுக்கு சக்திவேல் சொன்னபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. இத்தனை வருடம் இந்தக் குரலை நம்பித்தான் சட்டை நிறத்திலிருந்து மாத்திரை அட்டையின் தேதி வரை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அதில் எத்தனை உண்மையாகப் பார்த்துச் சொன்னவை, எத்தனை சீக்கிரம் முடிப்பதற்காகச் சொன்னவை? இனி எப்படிப் பிரிப்பது?

"உனக்கு அவசரம்னா நீ போ. எனக்கு வழி தெரியும். ஆனா பாக்காததைப் பாத்தேன்னு இன்னொரு தடவை என்கிட்ட சொல்லாத. கடைக்காரர் பொய் சொன்னா நான் வேற கடைக்குப் போவேன். நீ சொன்னா நான் எங்கடா போவேன்?"

மெர்வின் போகவில்லை. பக்கத்திலேயே நின்றான். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"இது வேண்டாம். வேற காட்டுங்க" என்றாள் சக்திவேலிடம்.

இரண்டாவது போர்டு வந்தது. அதில் ஒரு கெப்பாசிட்டர் சாய்ந்து நின்றது. அதன் காலடியில் ஏதோ ஒட்டியது. "இது புதுசு இல்ல. யாரோ பிரிச்சு ஒட்டினது" என்று தள்ளி வைத்தாள். "சர்வீஸ் பண்ணதும்மா, நல்லா ஓடும்" என்றார் சக்திவேல். "அப்ப நீங்க ஓட்டுங்க" என்றாள். மூன்றாவது அவர் கடையில் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்க மூன்று நாள் ஆகும், அதற்கு மேல் தன்னால் முடியாது, பிடிக்கவில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"மூணு நாள் ஆகட்டும். பழைய போர்டை இங்க வச்சிட்டுப் போறேன். வாங்கிக்கிட்டதுக்கு ரசீது எழுதிக் குடுங்க. அதுல 'அஞ்சு கெப்பாசிட்டர் உப்பியது'ன்னு இருக்கணும்."

அவர் எழுதினார். அவள் அதை கங்கையம்மாளிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பைக்குள் வைத்தாள்.

வீடு திரும்பிய பிறகு மேற்பார்வையாளரை அழைத்தாள். பழுதுக்குக் காரணம் இன்னதென்று சொன்னாள். புதன்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறேன், அதற்குள் வேறு ஆள் போடுவதென்றால் எழுத்தில் சொல்லுங்கள் என்றாள். "அதெல்லாம் வேண்டாம், புதன் பார்ப்போம்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை மெர்வின் விடுப்பு எடுக்கிறேன் என்றான். வேண்டாம் என்றாள். பல்லாவரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மின்சார ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினாள். படிக்கட்டில் யாரோ கேட்காமலேயே முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். "நானே போய்க்கிறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டாள். மேம்பாலத்தில் கோலைத் தட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் இறங்கினாள்.

கடைக்குள் நுழைந்ததும் சக்திவேல், "வாங்க மேடம்" என்றார். கேபினெட்டைத் தானே அவள் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தார். பெட்டியைத் திறந்து போர்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் போலிருக்கிறது, சத்தமே இல்லை.

ஜெரூஷா அவசரப்படவில்லை. நடுவிலிருந்து தொடங்கி, மேல் வரிசை, நினைவகம் செருகும் இடத்தின் ஓரம், கீழ் விளிம்பு, ஒலி ஒயர் செருகும் மூலை என்று ஒவ்வொரு இடமாகப் போனாள். ஒரு வாடிக்கையாளர் வந்து காத்திருந்தார். இன்னொருவர் வந்து போய்விட்டார். மொத்தம் இருபத்து மூன்று. இருபத்து மூன்றும் குள்ளம், தட்டை, உலோகம். எதுவும் சாயவில்லை, ஒட்டவில்லை. மறுபடியும் ஒருமுறை எதிர்த் திசையில் எண்ணினாள்.

"இது சரி" என்றாள்.

"அப்பாடா" என்றார் சக்திவேல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி நான் போன்ல சொன்னது... மனசுல வச்சிக்காதீங்க மேடம்" என்றார்.

"வச்சிக்குவேன்" என்றாள் ஜெரூஷா. "கங்கையம்மாள் அக்காவுக்கு மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"ஒண்ணு குடுத்துட்டேன்."

"அவங்க ரெண்டு சிஸ்டம்னு சொன்னாங்களே?"

"அதுவும் இந்த வாரம் குடுத்துடுவேன் மேடம். நேத்து வந்து ஒரு மணி நேரம் கத்திட்டுப் போயிருக்காங்க. உங்க பேரச் சொல்லி வேற."

ஜெரூஷா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மாலையில் அறைத் தரையில் உட்கார்ந்து போர்டைப் பொருத்தினாள். ஒன்பது திருகுகள். பெரிய ஒயர்கள் தடுமாற்றமில்லாமல் அமர்ந்தன. கடைசியில் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் மிஞ்சின. அவற்றின் முனையில் இருக்கும் எழுத்துகள் தொட்டுத் தெரிவதில்லை. புது போர்டில் அவை செருகும் இடமும் வேறு. தமிழினி போனில் காத்திருந்தாள்.

மெர்வின் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்டான். சனிக்கிழமையிலிருந்து அப்படித்தான், கேட்டுவிட்டுத்தான் வருகிறான்.

"வா. இந்த ஒயர் முனையில என்ன எழுதியிருக்குன்னு படி."

பக்கத்தில் உட்கார்ந்தான். ஒயரை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் திருப்புவது தெரிந்தது. நேரம் போனது.

"தெரியலக்கா" என்றான். "ரொம்பப் பொடி எழுத்து. முதல் எழுத்து P மாதிரி இருக்கு. R ஆகவும் இருக்கலாம். சொல்லத் தெரியல."

"அவசரமில்ல. போன்ல போட்டோ எடுத்துப் பெரிசு பண்ணிப் பாரு. அப்பவும் தெரியலன்னா தெரியலன்னே சொல்லு."

அவன் போட்டோ எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு எழுத்து எழுத்தாகப் படித்தான். தமிழினி எந்த முனையில் செருக வேண்டும் என்று சொல்ல, அவன் இடத்தைப் பார்த்துச் சொல்ல, ஜெரூஷா செருகினாள். நான்கு ஒயர்களுக்கு இருபது நிமிடம் ஆனது.

தகட்டை மூடாமலேயே பட்டனை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. ஒரு நிமிடம் எதுவுமில்லை. பிறகு அந்தக் குரல் கடவுச்சொல் கேட்டது.

மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கியது. அதன் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதன்கிழமை வரை காத்திராமல் அன்றைக்கே வேலைப் பட்டியலைத் திறந்தாள்.